16 எழுத்து பாஸ்வேர்டும் ஒரு சிம்போசியமும்

போன வருஷம் பிப்ரவரியில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நம் கிளாஸில் பாதிப் பேருக்கு அரைகுறையாகத் தெரியும். "பாஸ்வேர்டை ஊருக்கே தூக்கிக் குடுத்த வள்ளல்" என்று இன்றைக்கும் மெஸ்ஸில் ஓட்டுகிறார்கள். ஓட்டட்டும். முழுக் கதையும் தெரிந்துகொண்டு ஓட்டினால் நன்றாக இருக்கும் என்பதற்காக இது. நம்ம டிபார்ட்மென்ட் இல்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரிதான் எழுத முயற்சி செய்திருக்கிறேன். நடுவில் கொஞ்சம் டெக்னிக்கலாகப் போகும், பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கென்று ஒரு ஜிமெயில் அக்கவுண்ட் இருக்கிறது. நாங்கள் சேர்வதற்கு முன்பிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு பேட்ச்சும் அடுத்த பேட்ச்சுக்கு அதைக் கைமாற்றிவிட்டுப் போகும், பழைய வாடகை வீட்டுச் சாவிக்கொத்து மாதிரி. வேறு கல்லூரிப் பசங்கள் எங்கள் பக்கத்தில் பெயர் கொடுத்ததும், "உங்கள் பதிவு உறுதியாகிவிட்டது, உங்கள் எண் இது" என்று அந்த அக்கவுண்டிலிருந்து ஒரு மெயில் தானாகப் போக வேண்டும். அதற்கான பைதான் புரோகிராமை 2021-இல் சீனியர்கள் எழுதி வைத்திருந்தார்கள். மூன்றாம் வருஷத்தில் அது என் தலையில் விழுந்தது.

ஓட்டிப் பார்த்தேன். 535 என்று ஒரு எர்ரர். யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஏற்கப்படவில்லை என்று சொல்கிறது. அதே பாஸ்வேர்டை பிரவுசரில் அடித்தால் ஜம்மென்று உள்ளே போகிறது! பாதி ராத்திரி இதிலேயே போயிற்று. ஸ்பெல்லிங் பார்த்தேன், ஸ்பேஸ் பார்த்தேன், கீபோர்டையே மாற்றிப் பார்த்தேன் (சிரிக்காதீர்கள்). கடைசியில்தான் தெரிந்தது: "பாதுகாப்பு குறைந்த ஆப்களை அனுமதி" என்று ஒரு ஸ்விட்ச் முன்பு கூகுளில் இருந்தது, சீனியர்கள் அதைப் போட்டுவிட்டு அக்கவுண்ட் பாஸ்வேர்டை அப்படியே புரோகிராமுக்குள் எழுதியிருந்தார்கள். தனிநபர் அக்கவுண்டுகளுக்கு அந்த வழியை 2022 மே 30-இல் கூகுள் மூடிவிட்டது.

ஏன் மூடினார்கள் என்பதற்கு எஸ்.எம்.டி.பி.யின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மெயில் அனுப்புவதற்கான இந்த விதிமுறையை ஜான் போஸ்டல் ஆர்.எஃப்.சி. 821 என்ற ஆவணமாக 1982-இல் எழுதினார். அதில் "நீ யார்?" என்ற கேள்வியே கிடையாது. தெருமுனைத் தபால்பெட்டி மாதிரி. யார் வேண்டுமானாலும் போடலாம், அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். அன்றைக்கு நெட்வொர்க்கில் இருந்தது சில பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும்தான், அதனால் ஓடியது. பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும் வசதி 1999-இல்தான் ஆர்.எஃப்.சி. 2554 வழியாகச் சேர்ந்தது. அதிலும் பாஸ்வேர்டு பேஸ்-64 என்ற வடிவத்தில் போகும். அது பூட்டு இல்லை, யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம். வழியில் யாரும் ஒட்டுக்கேட்காமல் இருக்க டி.எல்.எஸ். என்ற உறையைச் சுற்றிவிடுகிறோம். ஆனால் பிரச்சினை வழியில் இல்லை. அக்கவுண்டின் மெயின் பாஸ்வேர்டு ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும், ஒவ்வொரு பழைய லேப்டாப்பிலும் கிடக்கிறதே, அதில்தான். அத்தோடு ஃபோனுக்குக் கோட் அனுப்பிச் சரிபார்க்கும் இரண்டு கட்டச் சோதனையைப் போட்டுவிட்டால் புரோகிராம் என்ன செய்யும்? ராத்திரி 2 மணிக்கு அது யார் ஃபோனைப் பார்த்துக் கோட் அடிக்கும்?

அதற்கு ஒரு சமரச ஏற்பாடுதான் ஆப் பாஸ்வேர்டு. முதலில் இரண்டு கட்டச் சோதனையை இயக்க வேண்டும். இயக்கினால்தான் ஆப் பாஸ்வேர்டு உருவாக்கும் வசதியே கிடைக்கும். அதற்கு அக்கவுண்டுக்குள் போய் நம்பரை மாற்ற வேண்டும். போனால், பதிவாகியிருந்த நம்பர் எப்போதோ படித்து முடித்து பெங்களூருவில் வேலைக்குப் போய்விட்ட ஒரு சீனியர் அண்ணனுடையது. ராத்திரி 11 மணிக்கு அவருக்கு ஃபோன்.

"அண்ணா, உங்க ஃபோனுக்கு ஒரு கோட் வந்திருக்கும், கொஞ்சம் சொல்றீங்களா?"

"யாருடா நீ? ஓ.டி.பி. கேக்குற?"

அவர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. ஹெச்.ஓ.டி. பெயர், மெஸ் மாஸ்டர் பெயர், எங்கள் பிளாக்கில் எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்பது வரை சொல்லி நிரூபித்த பிறகுதான் கோட் கிடைத்தது. நம்பரை என்னுடையதாக மாற்றினேன். ஆப் பாஸ்வேர்டுக்கு ஒரு பெயர் கேட்டது. "சிம்போ மெயில் அனுப்ப" என்று வைத்தேன். (இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) நாலு நாலாகப் பிரித்து 16 எழுத்துகள் திரையில் வந்தன. ஒரே ஒரு தடவைதான் காட்டும். எடுத்து கான்ஃபிக் ஃபைலில் ஒட்டினேன். மெயில் போய்விட்டது. நம்பரை மாற்றிய பிறகு மொத்தம் 10 நிமிஷம்.

ரூம்மேட் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓஆத்னு ஒண்ணு இருக்காமே மச்சான், இப்பல்லாம் அதுலதான் பண்ணணுமாம்" என்றான். அந்தப் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். கன்சோல், ஒப்புதல் திரை, கிளையன்ட் ஐ.டி. என்று என்னென்னவோ வந்தது. மூடிவிட்டேன். சிம்போசியத்துக்கு 3 வாரம்தான் இருந்தது.

இங்கேதான் வள்ளல் வேலை வருகிறது. பிளேஸ்மென்ட் சீசன் நெருங்குகிறது, கிட்ஹப்பில் நாலு புராஜெக்ட் இருந்தால்தான் ரெஸ்யூமேயையே பார்ப்பார்கள் என்று எல்லாரும் பயமுறுத்திக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் சாயங்காலம் அந்த ஃபோல்டரை அப்படியே கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி ஏற்றினேன். கான்ஃபிக் ஃபைலோடு சேர்த்துத்தான். அதோடு நின்றேனா? கிளாஸ் குரூப்பிலும் ஜூனியர் குரூப்பிலும் லிங்க்கைப் போட்டு, "ஸ்டார் போடுங்கப்பா" என்று வேறு கேட்டேன். பதினொரு ஸ்டார் விழுந்தது. போட்டவர்களில் ஒருவரும் உள்ளே திறந்து பார்க்கவில்லை என்பது தெளிவு.

இரண்டு நாள் கழித்து இரண்டாம் வருஷத்து ஜூனியர் ஒருத்தியிடமிருந்து மெசேஜ்.

"அண்ணா, கான்ஃபிக் ஃபைல்ல ஒரு பாஸ்வேர்டு இருக்கு. நிஜ பாஸ்வேர்டா அது?"

எனக்குப் பதற்றமே வரவில்லை. "ஆமாம்மா, ஆனா பரவால்ல. அது அக்கவுண்ட் பாஸ்வேர்டு இல்ல, ஆப் பாஸ்வேர்டு. மெயில் அனுப்ப மட்டும்தான்" என்று பெரிய மனுஷன் மாதிரி அடித்தேன்.

"அனுப்ப மட்டும்தானாண்ணா? படிக்க முடியாதா?"

"முடியாது" என்று டைப் செய்துவிட்டு விரல் நின்றது. அது அனுப்ப மட்டும்தான் என்று எனக்கு யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை. "சிம்போ மெயில் அனுப்ப" என்று பெயர் வைத்தது நான். டப்பாவில் உப்பு என்று எழுதி ஒட்டிவிட்டால் உள்ளே இருக்கும் சர்க்கரை உப்பாகிவிடுமா?

பைதானில் மெயில் படிப்பதற்கு ஐமேப் என்ற விதிமுறைக்கான கருவி கூடவே வருகிறது. நாலு வரி எழுதி, அதே 16 எழுத்தைக் கொடுத்தேன். இன்பாக்ஸில் ஆயிரத்துச் சொச்சம் மெயில் இருக்கிறது என்று எண்ணிக்கை வந்து விழுந்தது. கடைசிப் பத்து மெயிலின் தலைப்பைக் கேட்டேன். அதுவும் வந்தது. வயிறு கலங்கியது.

அந்த இன்பாக்ஸில் என்ன இருந்தது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. எங்களுக்கு அது மெயில் அனுப்பும் இடம், அவ்வளவுதான். ஆனால் வருஷக்கணக்காக வேறு கல்லூரிப் பசங்கள் அதற்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஐ.டி. கார்டு ஸ்கேன், போனஃபைடு சர்டிஃபிகேட், பணம் கட்டிய ஸ்க்ரீன்ஷாட், இரண்டு நாள் தங்க வேண்டிய பெண்களின் வீட்டு முகவரி, அப்பா அம்மா ஃபோன் நம்பர். பிறகு ஒரு கடிதம். வேறு ஊரிலிருந்து ஒரு மாணவர். இரண்டு மாதத்துக்கு முன் அப்பா தவறிவிட்டார், பதிவுக் கட்டணம் 250 ரூபாயை மட்டும் தள்ளுபடி செய்ய முடியுமா, கூட வருகிற என் டீம் நண்பர்களுக்கு இது தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தார். இதற்கு மேல் அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதமாட்டேன். எழுதினால் அன்று செய்ததையே மறுபடி செய்தவனாவேன்.

டீம் நண்பர்களுக்கே தெரிய வேண்டாம் என்று சொன்ன விஷயம், இரண்டு நாளாக, அந்த ஃபைலைத் திறக்கத் தெரிந்த யாருக்கும் திறந்து கிடந்திருக்கிறது.

அவசரத்தில் செய்ததும் தப்பு. முதலில் கிட்ஹப்பில் அந்த ஃபைலை அழித்தேன். "ஹிஸ்டரில இன்னும் இருக்கேண்ணா" என்று அவளே சொன்னாள். ஒரு ஃபைலை அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியேதான் இருக்கும். முதலில் செய்திருக்க வேண்டியது அந்த ஆப் பாஸ்வேர்டையே ரத்து செய்வது. யார் எத்தனை நகல் எடுத்து வைத்திருந்தாலும் ரத்து செய்த நொடியிலிருந்து அது வெறும் 16 எழுத்து. இந்த ஒரு விஷயத்தில் ஆப் பாஸ்வேர்டை மெச்ச வேண்டும். மெயின் பாஸ்வேர்டைத் தொடாமல் ஒரே கிளிக்கில் போய்விடும். சீனியர்கள் வைத்திருந்தது போல மெயின் பாஸ்வேர்டே வெளியே போயிருந்தால் அக்கவுண்டே கை மாறியிருக்கலாம்.

பிறகு ஜிமெயிலின் அடிப்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் "கடைசி அக்கவுண்ட் நடவடிக்கை" என்பதைத் திறந்தேன். யார், எந்த வழியாக, எந்த ஐ.பி. முகவரியிலிருந்து உள்ளே வந்தார்கள் என்று காட்டும். எல்லாமே நானும் எங்கள் புரோகிராமும்தான். ஆனால் அது கடைசிப் பத்தைத்தான் காட்டும். பதினொன்றாவது யார் என்று காட்டாது.

மறுநாள் பொறுப்பாசிரியரிடம் போய்ச் சொன்னேன். "ஏதாவது ஆச்சா?" என்றார். "தெரியல சார்" என்றேன். "ஆகலைல? அப்ப விடுப்பா. இதை வெளில சொல்லிட்டு இருக்காத" என்று சொல்லிவிட்டு பேப்பர் திருத்தப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஒருங்கிணைப்பாளரும் நானும் உட்கார்ந்து, பழைய வருஷத்து ஸ்கேன்களையெல்லாம் அழித்தோம், குப்பைத் தொட்டியிலிருந்தும் சேர்த்து. அந்த மாணவருக்கு மட்டும் நடந்ததை மூன்று வரியில் எழுதி, மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினேன். கட்டணத் தள்ளுபடி ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. பதில் வரவில்லை. சிம்போசியம் அன்று வருகைப் பட்டியலில் தேடிப் பார்த்தேன், வந்திருந்தார். போய்ப் பேசத் தைரியம் வரவில்லை.

சரி, ஓஆத்துக்கு வருவோம். ரூம்மேட் சொன்னதை இப்போது ஒழுங்காகப் படித்தேன்.

ஹாஸ்டல் பசங்களுக்கு இதை ஒரு வரியில் புரியவைக்கலாம்: அவுட்பாஸ். கேட்டில் வாட்ச்மேன் உங்கள் ஜாதகத்தைக் கேட்பதில்லை. வார்டன் கையெழுத்துப் போட்ட சீட்டைப் பார்க்கிறார். அதில் யார், எங்கே, எத்தனை மணி வரை என்று இருக்கும். சினிமாவுக்கு என்று வாங்கிய சீட்டை வைத்து ஊருக்குப் பஸ் ஏற முடியாது (ஏறியவர்கள் இருக்கிறார்கள், அது வேறு கதை). ஓஆத்தில் அந்தச் சீட்டுக்கு ஆக்சஸ் டோக்கன் என்று பெயர். கூகுளில் சுமார் ஒரு மணி நேரம்தான் செல்லும். முடிந்ததும் புதுச் சீட்டு வாங்க, ரெஃப்ரெஷ் டோக்கன் என்று நீண்ட நாள் செல்லும் இன்னொன்று. வார்டனிடம் அப்பா எழுதிக் கொடுத்து வைத்திருக்கும் அனுமதிக் கடிதம் மாதிரி. புரோகிராமுக்குப் பாஸ்வேர்டு தெரியவே தெரியாது. அதுதான் விசேஷம்.

இது பிறந்ததே பாஸ்வேர்டைக் கேட்கிற கெட்ட பழக்கத்தை ஒழிக்கத்தான். 2007 வாக்கில் பல சமூக வலைத்தளங்கள் "உங்கள் நண்பர்களைக் கண்டுபிடிக்கிறோம், மெயில் பாஸ்வேர்டைக் கொடுங்கள்" என்று கூச்சமே இல்லாமல் கேட்கும், ஜனங்களும் கொடுத்தார்கள். ஓஆத் முதல் வடிவம் 2007-இல் வந்தது. இன்று எல்லாரும் பயன்படுத்தும் 2.0, ஆர்.எஃப்.சி. 6749 ஆக 2012 அக்டோபரில் வெளியானது. அது வெளியாவதற்குச் சில மாதம் முன்பு, அதை எழுதிக்கொண்டிருந்த குழுவின் முக்கிய ஆசிரியர் எரான் ஹாமர், முந்தையதைவிட இது சிக்கலாகவும் பாதுகாப்பு குறைந்ததாகவும் ஆகிவிட்டது என்று சொல்லி, தன் பெயரையும் எடுத்துக்கொண்டு விலகிவிட்டார். கன்சோலுக்குள் நுழைந்த முதல் நாளே எனக்கு அந்த மனுஷன் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

மூன்று நாள் ஆனது. (அந்த மூன்று நாளும் உறுதி மெயில்களைக் கையால் அனுப்பினோம்.) புராஜெக்ட் உருவாக்கு, ஒப்புதல் திரையை நிரப்பு, கிளையன்ட் உருவாக்கு, திரும்பி வரும் முகவரியைப் பதிவு செய். அந்த முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு கூடிவிட்டது என்பதற்காக ஒரு முழு மத்தியானம் 400 எர்ரர். எல்லாம் சரிசெய்து, எஸ்.எம்.டி.பி.யோடு ஓஆத்தைச் சேர்க்கும் மாதிரி புரோகிராம் ஒன்றைப் பார்த்து எழுதி, அக்கவுண்டில் நுழைந்து ஒப்புதல் திரையைப் பார்த்தால், அதில் இருந்தது இதுதான்: உங்கள் மெயில்கள் அனைத்தையும் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க அனுமதிக்கிறீர்களா?

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மூன்று நாள் தலைகீழாக நின்று வாங்கிய சாவி, நான் தொலைத்த அதே சாவியின் அளவுதான்!

விஷயம் இதுதான். எந்த அளவு அனுமதி என்பதை ஓஆத்தில் ஸ்கோப் என்கிறார்கள். ஜிமெயிலில் எஸ்.எம்.டி.பி., ஐமேப் இரண்டுக்கும் ஒரே ஸ்கோப்தான், முழு மெயில்பெட்டி. அனுப்புவதற்கு மட்டும் என்று தனியாக ஒரு சின்ன ஸ்கோப் இருக்கிறது, ஆனால் அது எஸ்.எம்.டி.பி.யில் செல்லாது. ஜிமெயில் ஏ.பி.ஐ. வழியாகத்தான் அனுப்ப வேண்டும். மெயிலை முழுசாகக் கட்டி, பேஸ்-64 ஆக்கி, ஒரு இணைய வேண்டுகோளாக அனுப்ப வேண்டும், அவ்வளவே. "ஓஆத் போட்டாச்சு, இனி பாதுகாப்பு" என்று நினைத்து எஸ்.எம்.டி.பி.யோடு நிறுத்தியிருந்தால், மறுபடி ஒரு டப்பாவுக்கு லேபிள் ஒட்டியவனாகத்தான் ஆகியிருப்பேன். மாற்றி எழுதினேன். இந்த முறை திரையில் "உங்கள் சார்பாக மெயில் அனுப்ப" என்று ஒரே வரி. முதல் தடவையாக, நான் வைத்த பெயரும் அது செய்யும் வேலையும் ஒன்றாக இருந்தன.

பந்தாவாக ஜூனியரிடம் காட்டினேன். "இப்ப இது தொலைஞ்சாலும் படிக்க முடியாது, அனுப்ப மட்டும்தான் முடியும்."

"அனுப்புறது சின்ன விஷயமாண்ணா? 'இந்த நம்பருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க'ன்னு நம்ம அக்கவுண்ட்லேர்ந்தே ஒருத்தன் அனுப்பினா?"

இந்தப் பெண் எங்கே போனாலும் முன்னுக்கு வருவாள். ரெஃப்ரெஷ் டோக்கனும் ஒரு ஃபைலில்தான் கிடக்கிறது. அதோடு கிளையன்ட் ரகசியமும் சேர்ந்து போனால் ஆப் பாஸ்வேர்டு போனது மாதிரிதான், கதவு மட்டும் சின்னது. இரண்டையும் புராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே எடுத்து வைத்தேன். இதை முதல் நாளே ஆப் பாஸ்வேர்டுக்குச் செய்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது என்று முணுமுணுப்பவர்களுக்கு: ஆமாம், நடந்திருக்காது. ஆனால் ஃபோல்டருக்கு வெளியே வைக்கிற ஞாபகம் எப்போதும் எல்லாருக்கும் இருக்கும் என்று நம்பி 1000 பேருடைய கடிதங்களைப் பணயம் வைக்க எனக்கு இப்போது மனசு வருவதில்லை.

கதை முடிந்தது என்று நினைத்தேன். பதிவு செய்யக் கடைசி நாள் சாயங்காலம், "பணம் கட்டிட்டோம், மெயில் வரல" என்று ஃபோன் மேல் ஃபோன். ஒருங்கிணைப்பாளர் என்னை முறைக்கிறார். லாகைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஏனென்றால் மெயில் போகாவிட்டால் சத்தம் போடாமல் அடுத்த வேலைக்குப் போ என்று எழுதியிருந்த புண்ணியவானும் நான்தான். அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினால், டோக்கன் செல்லாது என்கிறது. நேற்று வரை சென்றதே?

நாள் எண்ணிப் பார்த்தேன். சரியாக 7 நாள். கூகுள் கன்சோலில் நம் ஆப் "சோதனை" நிலையில் இருந்தால் இப்படிப்பட்ட ரெஃப்ரெஷ் டோக்கனின் ஆயுள் 7 நாள்தான். ஆவணத்தில் எழுதித்தான் இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. "பயன்பாட்டில்" என்ற நிலைக்கு மாற்றி, மறுபடி ஒப்புதல் கொடுத்துப் புது டோக்கன் வாங்க வேண்டும். மாற்றினால் "இந்த ஆப்பை கூகுள் சரிபார்க்கவில்லை" என்று ஒரு எச்சரிக்கை வரும். ஒப்புதல் கொடுக்கப்போவது எங்கள் ஒரே அக்கவுண்ட்தான், எழுதியதும் நாங்கள்தான், அதனால் தாண்டிப் போகலாம். மாற்றியாயிற்று. ஆனால் அதற்குள் மெயில் போகாமல் விட்டவர்கள் 63 பேர். நான், ரூம்மேட், ஒருங்கிணைப்பாளர் மூவரும் பிரவுசரைத் திறந்து வைத்துக்கொண்டு ராத்திரி 2 மணி வரை ஒவ்வொன்றாக அனுப்பினோம். ரூம்மேட் இடையிடையே, "ஆப் பாஸ்வேர்டு 10 நிமிஷம், ஓஆத் 3 நாள் ப்ளஸ் 63 மெயில்" என்று கணக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன்தான் ஓஆத்தைச் சொன்னவன் என்பது அவனுக்கு மறந்துவிட்டது.

அவன் கணக்கு தப்பில்லை. இன்றைக்கும் நான் ஆப் பாஸ்வேர்டு ஒன்றை வைத்திருக்கிறேன். இன்டர்னல் மார்க் வந்துவிட்டதா என்று பார்த்து எனக்கு மெயில் போடும் குட்டி புரோகிராம் அது. ஆனால் அதற்கென்று தனி அக்கவுண்ட் திறந்திருக்கிறேன். அதன் இன்பாக்ஸில் கூகுளின் வரவேற்பு மெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. தொலைந்தால் எடுத்தவன் அதைப் படித்துக்கொள்ளட்டும். ஆனால் மற்றவர்கள் நம்பி எழுதும் அக்கவுண்ட் என்றால் மூன்று நாள் அல்ல, ஒரு வாரம் ஆனாலும் அந்தச் சின்ன ஸ்கோப்தான். யாருடைய 10 நிமிஷத்தை மிச்சம் பிடிக்கிறோம், யாருடைய கடிதம் போகிறது என்று பார்த்தால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. கூகுளே இப்போது ஆப் பாஸ்வேர்டைப் பரிந்துரைப்பதில்லை, பெரும்பாலும் தேவையில்லை என்றுதான் தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. மைக்ரோசாஃப்டும் தனிநபர் அவுட்லுக் அக்கவுண்டுகளில் வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து நுழையும் வழியை 2024 செப்டம்பரில் மூடிவிட்டது. இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சிம்போசியம் எங்களுடையதைவிடப் பெரிசு என்றால் இரண்டுமே உதவாது, மொத்த மெயில் அனுப்பும் சேவை எதையாவது பாருங்கள்.

இந்த வருஷம் பொறுப்பு அந்த ஜூனியரிடம் போயிருக்கிறது. கைமாற்றிய அன்றே அக்கவுண்ட் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறாள், சரியான வேலை. ஆனால் மெயில் நின்றுவிட்டது என்று ஃபோன். பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகும் என்பது எனக்குத் தெரியும். ஜிமெயில் ஸ்கோப் வாங்கிய ரெஃப்ரெஷ் டோக்கனும் சேர்ந்து போகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுபடி ஒப்புதல் கொடுக்கச் சொன்னேன். 5 நிமிஷத்தில் சரியாயிற்று.

"வேற ஏதாவது மாத்தணுமாண்ணா?"

"ஃபோன் நம்பர மாத்துமா. நேத்து ராத்திரி கோட் எனக்குத்தான் வந்துச்சு."